டார்ஜிலிங் ஜூவில் ஒரு நாள்: முழுமையான வழிகாட்டி

டார்ஜிலிங் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அங்குள்ள பத்மஜா நாயுடு இமாலய உயிரியல் பூங்காவுக்குள் ஒரு நடை போய்விட்டுத்தான் திரும்புகிறார்கள். ஆனால் வெளியே வரும்போது பலருடைய பேச்சும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "பாண்டா தூங்கிக்கிட்டு இருந்துச்சு, பனிச்சிறுத்தை கண்ணுலயே படல." அதே நாள் காலை முதல் ஆளாக உள்ளே போனவர் இரண்டையும் நிதானமாகப் பார்த்திருப்பார்.

பூங்கா சிறியது, 67.56 ஏக்கர்தான். நம் வண்டலூர் 602 ஹெக்டேர். இது 27 ஹெக்டேர். அதனால் "ஒரு மணி நேரம் போதும்" என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். இடம் முழுக்க மலைச்சரிவு என்பதும், உள்ளே இருக்கும் விலங்குகளில் பல விடிகாலையிலும் அந்தியிலும் நடமாடுபவை என்பதும் அந்தக் கணக்கில் வருவதில்லை. எந்த நேரத்தில் எதைப் பார்ப்பது என்ற வரிசையைச் சரிசெய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ளது அந்த வரிசைதான்.

1. முதலில் கிழமையைப் பாருங்கள்

வியாழக்கிழமை ஜூவுக்கு விடுமுறை. இந்த ஒரு தகவல் தெரியாமல் வந்து, பூட்டிய கேட்டின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் வாராவாரம் உண்டு. இந்தியாவின் பல ஜூக்களுக்குத் திங்கள் அல்லது செவ்வாய் விடுமுறை என்பதால், இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

திறப்பது காலை எட்டரை மணி வாக்கில். மூடுவது மாலை நான்கிலிருந்து நான்கரைக்குள், குளிர்காலத்தில் முன்னதாகவே. சீசனுக்குச் சீசன் நேரம் மாறும், ஆகவே முந்தின நாள் விடுதியில் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

டார்ஜிலிங்குக்கு வந்து சேரும் நாளன்று ஜூவை வைக்காதீர்கள். நியூ ஜல்பைகுரி ரயில் நிலையத்திலிருந்தோ பாக்டோக்ரா விமான நிலையத்திலிருந்தோ மலையேற மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகும். வழியில் நெரிசலோ மண்சரிவோ இருந்தால் அதற்கு மேலும் இழுக்கும். அந்தக் களைப்போடு மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போனால் மேடு ஏறியதுதான் மிச்சம்.

மாதத்தைப் பொறுத்தவரை மார்ச் முதல் மே வரையும், அக்டோபர், நவம்பரும் நல்லவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும், பாதை வழுக்கும். அதோடு, சிவப்புப் பாண்டா குட்டி போடுவது பெரும்பாலும் ஜூன், ஜூலையில்தான். தாய்கள் பல வாரம் குட்டியோடு கூட்டுப்பெட்டியிலேயே கிடக்கும் என்பதால் கண்ணில் படுவதும் குறையும். துர்கா பூஜை விடுமுறை வாரத்தில் கொல்கத்தாவே மலைக்கு வந்துவிட்டது போலக் கூட்டம் இருக்கும், முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

2. '7 பாயிண்ட்' டூரிலிருந்து ஜூவை வெளியே எடுங்கள்

டார்ஜிலிங் டாக்சிக்காரர்கள் இரண்டு தொகுப்புகளை விற்பார்கள். விடிகாலையில் சூரிய உதயம் பார்க்க டைகர் ஹில், வழியில் கூம் மடாலயம், மலை ரயில் வளைந்து திரும்பும் பதாசியா லூப் மூன்றும் சேர்ந்தது '3 பாயிண்ட்'. காலை உணவுக்குப் பிறகு ஜூ, மலையேற்றக் கழகம், டென்சிங் பாறை, தேயிலைத் தோட்டம், திபெத்திய அகதிகள் மையம் என்று போவது '7 பாயிண்ட்'. எந்த ஏழு என்பது டிரைவருக்கு டிரைவர் கொஞ்சம் மாறும்.

இதில் ஜூவுக்குக் கிடைப்பது ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். அதுவும் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் பத்தரை, பதினொரு மணிக்கு. பாண்டா மரத்தில் ஏறிப் படுத்துவிடும் நேரமும் அதுவே.

டைகர் ஹில் போகும் நாளையும் ஜூ நாளையும் ஒன்றாக்குவதை நான் அறவே தவிர்க்கச் சொல்வேன். டைகர் ஹில்லுக்காக மூன்று, மூன்றரை மணிக்கே எழுந்தவர்களுக்குப் பத்து மணிக்குக் கண் சொக்கும். மரக்கிளையில் அசையாமல் கிடக்கும் ஒரு விலங்கைத் தேடும் பொறுமை அப்போது யாருக்கும் இருக்காது. குழந்தைகளுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஜூவுக்கென்று ஒரு முழுக் காலைப்பொழுதைத் தனியாக ஒதுக்குங்கள். மற்ற இடங்களை மதியமோ மறுநாளோ வைத்துக்கொள்ளலாம், அவை எங்கேயும் ஓடிவிடாது.

3. முந்தின இரவே எடுத்து வைக்க வேண்டியவை

உடை: ஒரே ஒரு தடித்த கோட்டுக்குப் பதிலாக மெல்லியவை இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். மேடு ஏறும்போது வேர்க்கும். கூண்டு முன்னால் இருபது நிமிடம் நின்றால் அந்த வேர்வையே குளிரும். கழற்றவும் மாட்டவும் வசதி வேண்டும்.

காலணி: அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கும் ஷூ. பனிமூட்டத்தால் பாதை ஈரமாகவே இருக்கும், ஓரங்களில் பாசி பிடித்திருக்கும். செருப்போடு வருகிறவர்கள் இறக்கத்தில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்க்கலாம்.

சில்லறைப் பணம்: ஷேர் டாக்சி, டீக்கடை, மோமோ கடை எல்லாவற்றுக்கும் ரொக்கம் இருந்தால் நல்லது. மலையில் மொபைல் சிக்னல் சில இடங்களில் படுத்துவிடும், அப்போது யுபிஐ கைகொடுக்காது.

பைனாகுலர்: சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. உயரமான கிளையில் இருக்கும் பாண்டாவின் முகத்தைப் பார்க்க இது உதவுகிற அளவுக்குப் போன் கேமரா உதவாது.

மழைச்சட்டை அல்லது குடை எந்த மாதமானாலும் பையில் இருக்கட்டும். தின்பண்டப் பொட்டலங்களையும் பிளாஸ்டிக் பைகளையும் விடுதியிலேயே விட்டுவிடுங்கள். வாசலில் சோதனையில் நிறுத்தினால் நேரம் போகும்.

உயரத்தை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. பூங்கா ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வுதான். ஊட்டியில் நடந்தவர்கள் இங்கேயும் நடக்கலாம். குளிர் மட்டும் ஊட்டிக் கணக்கில் வராது. வடக்கே தள்ளி இருப்பதால் டிசம்பர், ஜனவரியில் நன்றாகவே கடிக்கும்.

குழந்தைகள் கூட வந்தால் முந்தின இரவு இன்னொரு வேலை உண்டு. சிவப்புப் பாண்டாவின் படத்தைக் காட்டிவிடுங்கள். "பாண்டா பார்க்கப் போறோம்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் மனதில் வருவது கார்ட்டூனில் பார்த்த கறுப்பு வெள்ளைக் குண்டுப் பாண்டா. வீட்டுப் பூனையைவிடச் சற்றே பெரிய, செந்நிற உடலும் வளையம் வளையமாக வாலும் கொண்ட ஒன்றைப் பார்த்து, "இது பாண்டா இல்ல" என்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். யானை, ஒட்டகச்சிவிங்கி, நீர்யானை எதுவும் கிடையாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இது இமயமலை விலங்குகளுக்கான இடம்.

4. போய்ச் சேருவது

பூங்கா ஜவஹர் பர்வத் என்ற மேட்டில் இருக்கிறது. ஊரின் நடுச் சதுக்கமான சௌரஸ்தாவிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர். அந்தப் பக்கம் தங்கியிருந்தால் நடந்தே போங்கள், அரை மணி நேரம் ஆகும். காலை எட்டு மணிக்குச் சாலை காலியாக இருக்கும். மேகம் இல்லாவிட்டால் கஞ்சன்ஜங்காவையும் பார்த்துக்கொண்டே போகலாம்.

மகாகால் கோயில் மேட்டைச் சுற்றிப் போகும்போது குரங்குகள் உண்டு. கையில் பிஸ்கட் பொட்டலம் தெரியும்படி நடக்காதீர்கள்.

நடக்க முடியாதவர்கள் சௌக் பஜாரிலிருந்து நார்த் பாயிண்ட், சிங்மாரி பக்கம் போகும் ஷேர் டாக்சியில் ஏறி "ஜூ" என்றால் போதும், இறக்கிவிடுவார்கள். தனி வண்டி வைத்தால், காத்திருக்கச் சொல்லாமல் இறக்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள். டிரைவர் வெளியே காத்திருந்தால் உங்கள் கண் கடிகாரத்தின்மேலேயே இருக்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் செய்து அவசரப்படுத்தும் டிரைவர்களும் உண்டு. திரும்பி வர வண்டி கிடைப்பது அங்கே ஒரு கஷ்டமே இல்லை.

5. கவுண்டரும் வரைபடப் பலகையும்

திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் கவுண்டரில் இருங்கள். டிக்கெட் வாங்கும்போது இரண்டு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேமராவுக்குத் தனியாகக் கட்டணம் உண்டா? இமாலய மலையேற்றக் கழகத்துக்கும் சேர்த்துத்தானே இந்த டிக்கெட்? கழகம் பூங்கா வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, இந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மேலே போனதும் கேட்பார்கள்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் செய்வது, கண்ணில் படும் முதல் கூண்டின் முன்னால் நின்றுவிடுவது. மான் நின்றாலும் சரி, ஆடு நின்றாலும் சரி, அங்கேயே இருபது நிமிடம் போய்விடும். அந்த இருபது நிமிடம்தான் அன்றைக்கு விலை உயர்ந்த நேரம்.

வாசல் அருகே இருக்கும் வரைபடப் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சிவப்புப் பாண்டா எங்கே, பனிச்சிறுத்தை எங்கே என்று மட்டும் முதலில் கண்டுபிடியுங்கள். விலங்குகளை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள். பழைய பயணக் குறிப்புகளில் உள்ள "இடது பக்கம் மூன்றாவது கூண்டு" வகையறா வழிகாட்டலை நம்ப வேண்டாம். குழப்பமாக இருந்தால் வழியில் இருக்கும் பணியாளரிடம் கேளுங்கள். இந்தியோ நேபாளியோ தெரிந்தால் நல்லது, "ரெட் பாண்டா?" என்று கேட்டாலே கையைக் காட்டுவார்கள்.

ஏற்றத்தை மெதுவாக ஏறுங்கள். பெரியவர்கள் கூட இருந்தால், வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து வரட்டும். ஒரு ஆள் அவர்களோடு இருந்தால் போதும். எல்லோரும் ஒன்றாகப் போக வேண்டும் என்று கட்டிக்கொண்டு அழுதால் யாருமே பாண்டாவைப் பார்க்க முடியாது.

6. முதல் நிறுத்தம்: சிவப்புப் பாண்டா

இந்தப் பூங்காவின் தனிச்சிறப்பு இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏன் முதலில்? இது விடிகாலையிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருக்கும் பிராணி. வெயில் ஏறினால் மரத்தில் ஏறிப் படுத்துவிடும். பூங்கா எட்டரைக்குத்தான் திறக்கிறது என்பதால் அந்தக் காலைச் சுறுசுறுப்பின் கடைசிப் பகுதிதான் நமக்குக் கிடைக்கும். அதையும் மான் கூண்டு முன்னால் செலவழித்துவிட்டால் பிறகு நாள் முழுக்கத் தேடினாலும் கிடைப்பது வால் நுனிதான்.

எங்கே பார்ப்பது? பெரும்பாலானவர்கள் தரையைப் பார்க்கிறார்கள். மேலே பாருங்கள். கிளைகள் பிரியும் கவட்டை, கிடையாகப் போகும் தடித்த கிளை, மேடை போல அடித்து வைத்த பலகை, இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும்.

அடுத்த தவறு, சிவப்பு நிறத்தைத் தேடுவது. முதுகுதான் செந்நிறம், வயிறும் கால்களும் கன்னங்கறுப்பு. கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் நமக்குத் தெரிவது அந்தக் கறுப்புப் பக்கம். இலை நிழலோடு நிழலாக அது கலந்துவிடும். இயற்கையிலும் அதற்கு இது உதவுகிறது: மேலிருந்து பார்த்தால் மரத்தில் படரும் செம்பழுப்புப் பாசி போல, கீழிருந்து பார்த்தால் நிழல் போல. ஆகவே கிளைமேல் ஒரு கறுப்பு மொத்தையைத் தேடுங்கள். அல்லது கிளைக்குக் கீழே தொங்கும் வளைய வாலைத் தேடுங்கள். அது லேசில் ஏமாற்றாது.

அன்றைய குளிரும் ஒரு துப்பு தரும். குளிர் அதிகம் என்றால் உடலைச் சுருட்டி, வாலை முகத்தின்மேல் போர்த்திக்கொண்டு பந்து மாதிரி படுத்திருக்கும். கொஞ்சம் வெதுவெதுப்பான நாள் என்றால் கிளையில் வயிறு படியக் கிடந்து, நான்கு கால்களையும் இரண்டு பக்கமும் தொங்கவிட்டிருக்கும். காலையில் வெளியே வரும்போது உங்களுக்கே குளிர் எப்படி இருக்கிறது என்பதை வைத்து, பந்தைத் தேடுவதா தொங்கும் காலைத் தேடுவதா என்று முடிவு செய்துகொள்ளலாம்.

தூங்கினால் என்ன செய்வது? காத்திருப்பதுதான். இதன் முக்கிய உணவு மூங்கில் இலை. அதில் சத்து குறைவு, அதன் வயிற்றுக்குச் சரியாகச் செரிக்கவும் செரிக்காது. அதனால் நிறையச் சாப்பிட வேண்டியிருக்கிறது. சாப்பிடுவதும் படுப்பதுமாகவே நாள் ஓடும். கூண்டுக்குள் மூங்கில் தழை புதிதாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடம் தெரியும்படி நின்றுகொள்ளுங்கள். இருபது நிமிடம், அரை மணி நேரம் பொறுத்தால் பெரும்பாலும் இறங்கி வரும். முன்னங்காலில் கட்டைவிரல் போலத் துருத்திய ஓர் எலும்பு உண்டு. அதைக்கொண்டு மூங்கில் குச்சியை மனிதர் போலப் பிடித்துத் தின்னும். அதைப் பார்த்த பிறகு குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவது உங்கள் சாமர்த்தியம்.

விசிலடிப்பது, கம்பியைத் தட்டுவது, கை தட்டுவது எதற்கும் அது எழாது. எழுந்தால் மறைவுக்குள்தான் போகும், பக்கத்தில் அமைதியாக அரை மணி நேரம் காத்திருந்தவர் உங்களை என்ன நினைப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாம் பார்ப்பது இங்குள்ள பாண்டாக்களில் ஒரு பகுதியை மட்டுமே. இனப்பெருக்கத்துக்கான இடம் டோப்கே தாராவில் தனியாக இருக்கிறது, அங்கே பார்வையாளருக்கு அனுமதி கிடையாது. இங்கே வளர்ந்த சுவீட்டி, மினி என்ற இரண்டு பெண் பாண்டாக்களை 2003ல் சிங்கலிலா தேசியப் பூங்காவில் காட்டுக்குள் விட்டார்கள். காட்டுக்குத் திருப்பி அனுப்பும் நோக்கத்தோடு வளர்ப்பதால்தான் உணவு கொடுக்காதே, சத்தம் போடாதே என்ற கெடுபிடி இங்கே கொஞ்சம் கூடுதல்.

7. இரண்டாவது: பனிச்சிறுத்தையும் மற்ற வேட்டை விலங்குகளும்

ஒன்பதரை மணிக்குள் பனிச்சிறுத்தை இருக்கும் இடத்துக்கு வந்துவிடுங்கள். இதுவும் வெளிச்சம் கூடக் கூட நிழலுக்குள் ஒதுங்கிவிடும். சாம்பல் ரோமத்தில் கரும்புள்ளி வளையங்கள் என்பதால், பாறைமேல் அசையாமல் கிடந்தால் பாறையாகவே தெரியும். "கூண்டு காலி" என்று சொல்லி நகர்கிறவர்களுக்கு எதிரிலேயே அது படுத்திருப்பது வாடிக்கை.

பார்க்க வேண்டிய இடம் உயரமான பாறைத்திட்டு, மேடையின் விளிம்பு. தேட வேண்டியது வால். உடம்பின் நீளத்தோடு போட்டி போடும் அளவுக்கு நீண்டு தடித்த வால் அது; உடம்பு அசையாவிட்டாலும் நுனி லேசாக அசையும். உறுமல் கேட்கும் என்று காத்திருக்காதீர்கள். புலி, சிங்கம் போலக் கர்ஜிக்கும் குரல் அதற்குக் கிடையாது.

அதற்குப் பிறகு இமாலய ஓநாய். காலையில் வேலியோரமாக நடந்துகொண்டே இருக்கும், பார்ப்பது சுலபம். உடலில் மேகத்திட்டு போன்ற புள்ளிகள் கொண்ட படைச்சிறுத்தை மரத்தில் வாழ்வது. பாண்டாவுக்குச் சொன்னபடி இங்கேயும் மேலே பாருங்கள். ஐந்து நிமிடத்தில் தெரியாவிட்டால் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் இன்னொரு முறை பாருங்கள். சிறுத்தை, கருஞ்சிறுத்தை, புலி எல்லாம் பெரிய உருவம், தேட வேண்டிய சிரமம் இல்லை.

8. வெயில் அடிக்கும்போது பறவைகள்

பறவைகளைப் பலர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். காரணம், மூட்டமான நேரத்தில் பார்த்தால் எல்லாமே கறுப்புக் கோழி போலத்தான் தெரியும். இமாலய மோனால் என்ற காட்டுக்கோழி வகைப் பறவையின் பச்சை, நீலம், செம்பு மினுமினுப்பெல்லாம் வெயில் பட்டால் மட்டுமே வெளிப்படும். ஆகவே இதற்கு மணிக்கணக்கு வேண்டாம், வானத்தைப் பாருங்கள். எப்போது வெயில் அடிக்கிறதோ அப்போது பறவைப் பக்கம் போங்கள். பனிச்சிறுத்தையைப் பார்த்து முடித்த பத்து, பத்தரை மணிக்குப் பெரும்பாலும் கொஞ்சம் வெயில் இருக்கும்.

வசந்த காலத்தில் போனால், அதே வகையைச் சேர்ந்த டிராகோபன் சேவல் முன்னால் கூடுதலாக நில்லுங்கள். பெட்டையைக் கவர, தலையில் இரண்டு நீலக் கொம்புகளை நிமிர்த்தி, தொண்டையிலிருந்து வண்ணப் பட்டை ஒன்றை விரித்துக் காட்டும். சில நொடிகள்தான்.

9. கரடியும் மலையாடுகளும் கடைசியில்

இமாலயக் கருங்கரடி, பரால் எனும் நீல ஆடு, தார் ஆடு, மான்கள் எல்லாம் பகல் முழுக்க வெளியே தெரிபவை. மூடுபனி வந்தாலும் வேலியோரம் வந்து நிற்கும். அதனால்தான் இவற்றைக் கடைசிக்குத் தள்ளச் சொல்கிறேன்.

தார் ஆட்டின் முன்னால் நம் ஊர்க்காரர்கள் ஒரு நிமிடம் நிற்கலாம். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டையும் இதையும் முன்பு ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுக்குப் பிறகு பிரித்துவிட்டார்கள். இதன் ஆண் ஆட்டுக்குக் கழுத்திலும் தோளிலும் பிடரி தொங்கும்; நம் வரையாட்டுக்குக் குட்டை ரோமம். இந்தக் குளிருக்கு அது தேவைப்படுகிறது.

10. படம் எடுக்கிறவர்களுக்கு

வலைக்கம்பிதான் முதல் எதிரி. தடுப்பைத் தாண்டாமல் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி, வலையில் நிழல் விழும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். வெயில் படும் வலை வெள்ளையாக மின்னி விலங்கை மறைத்துவிடும். விலங்கு வலையிலிருந்து தள்ளி இருக்கும்போது எடுத்தால் கம்பி மங்கிப்போகும், ஒட்டி இருக்கும்போது எடுத்தால் கம்பிதான் பளிச்சென்று விழும்.

பிளாஷ் கட்டாயம் அணைத்திருக்கட்டும். மூட்டத்தில் பிளாஷ் போட்டால் பனித்துளிதான் படமாகும், விலங்குக்கும் தொல்லை. பாண்டாவைப் படம் எடுப்பதற்கு முன் முதலில் கண்ணால் பாருங்கள். அது கீழே இறங்கி நடக்கும் அரை நிமிடத்தைப் போன் திரையைத் துழாவியே தவறவிட்டவர்கள் ஏராளம்.

11. மூட்டம் ஏறியதும் மலையேற்றக் கழகம்

பதினொரு மணி, பன்னிரண்டு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வருவது இங்கே சாதாரணம். வெளியே எதுவும் தெரியாத நேரத்தைக் கூரைக்குக் கீழே செலவிடுவதுதான் புத்திசாலித்தனம். அதனால்தான் எச்எம்ஐ என்று எல்லோரும் சொல்லும் இமாலய மலையேற்றக் கழகத்தை இந்த நேரத்துக்கு வைத்திருக்கிறேன். காலையில் முதல் வேலையாக அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறவர்கள், விலங்கு பார்க்கும் வெளிச்சத்தைக் கட்டடத்துக்குள் கழித்துவிடுகிறார்கள்.

எவரெஸ்டில் 1953ல் ஏறிய டென்சிங் நோர்கே, மறு ஆண்டு தொடங்கிய இந்தக் கழகத்தில் களப்பயிற்சி இயக்குநராக இருந்தவர். அவருடைய சிலையும் சமாதியும் இங்கேயே இருக்கின்றன. அருங்காட்சியகத்தில் பழைய மலையேற்றக் கருவிகள், உடைகள், ஆக்சிஜன் உருளைகள் உண்டு. எல்லாவற்றையும் படிக்க முயலாமல், இமயமலையின் புடைப்பு மாதிரியை முதலில் பாருங்கள். எந்தச் சிகரம் எங்கே இருக்கிறது என்று அதில் புரிந்துகொண்டால் மற்ற காட்சிப் பொருள்களெல்லாம் தன்னால் கதையாகும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம். படம் எடுக்கலாமா என்பதை வாசல் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

12. சாப்பாடு

காலையில் விடுதியில் வயிறு நிறையச் சாப்பிட்டுக் கிளம்புங்கள். பாண்டாவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் "பசிக்குது" என்ற குரல் எழுந்தால் திட்டம் அங்கேயே முடிந்தது.

மதியத்துக்கு வாசலுக்கு வெளியே சாலையோரக் கடைகளில் மோமோ, நூடுல்ஸ், துக்பா எனும் நூடுல்ஸ் சூப், டீ கிடைக்கும். சைவக்காரர்கள் "வெஜ் மோமோ" என்று சொல்லி வாங்கும்போது, தனிப் பாத்திரத்தில் வேகவைத்ததா என்றும் கேட்டுவிடுங்கள். ஒரே அடுக்கில் சைவம், அசைவம் இரண்டையும் வேகவைக்கும் கடைகள் உண்டு. சோறு வேண்டும் என்றால் ஊருக்குள் திரும்பிவிடுவதே மேல்.

13. மதியத்துக்கு மேல்

சாப்பிட்ட பிறகு தெம்பு இருந்தால் அதே சாலையில் மேலும் போய் சிங்மாரி ரோப்வே, அல்லது லேபாங் சாலையில் டென்சிங் பாறை. இரண்டில் ஒன்று போதும். மூட்டமாக இருந்தால் ரோப்வேக்கு வரிசையில் நிற்காதீர்கள், கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாது. ஹேப்பி வேலி தேயிலைத் தோட்டத்துக்கும் இந்தப் பக்கமிருந்து போகலாம்.

காலையில் பாண்டா சரியாகக் கிடைக்காதவர்கள் இன்னொன்று செய்யலாம். மூன்று மணி வாக்கில், வெயில் தணிந்ததும், அது மறுபடி எழுந்து நடமாடத் தொடங்கும். எச்எம்ஐயை மெதுவாகப் பார்த்து, வளாகத்தை விட்டு வெளியே போகாமல் இருந்தால் அந்தச் சுற்றும் கிடைக்கும். வெளியே போய்விட்டால் அதே டிக்கெட்டில் மறுபடி விடுவார்களா என்பதை வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

மாலை நேரக் கணக்கை நம் ஊர்க் கணக்கில் வைக்காதீர்கள். டார்ஜிலிங் கிழக்கே தள்ளி இருப்பதால் டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், குளிர் சட்டென்று இறங்கும். சௌரஸ்தாவுக்கு நடந்து திரும்புவதாக இருந்தால் நான்கு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். அதற்கு மேல் ஆகிவிட்டால் ஷேர் டாக்சிதான் சரி. பள்ளி விடும் நேரத்தில் அது நிரம்பி வரும், இரண்டு மூன்று வண்டியை விட்டுப் பிடிக்க வேண்டியிருக்கும்.